மார்கழியில் எதையெல்லாம் செய்யாமல் இருக்கலாம்?

கேள்வி இது: "அம்பத்தூரில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். பையன் எட்டாவது, பெண் நான்காவது. வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் விடியற்காலைக் கோலம், கோவில், திருப்பாவை என்று ஆசையாக ஆரம்பிக்கிறேன். பத்து நாள்கூடத் தாண்டுவதில்லை. அரையாண்டுத் தேர்வு, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், வைகுண்ட ஏகாதசி, கச்சேரி, புத்தாண்டு, பொங்கல் சாமான் என்று மூச்சு முட்டிவிடுகிறது. இந்த மாதத்தை எளிமையாக, மனசு ஒன்றிக் கழிக்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் மணிக்கணக்குப் போட்ட அட்டவணை எதுவும் என்னிடம் இல்லை. நான் ஸ்ரீரங்கத்தில் 31 வருஷமாகக் குடியிருக்கிறேன். அதில் 26 வருஷம் பள்ளிக்கூட டீச்சர். அரையாண்டுத் தாள் கட்டும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் ஒரே வீட்டுக்குள் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏகாதசித் தேதியும் ஓரிடத்தில் நிற்காது. 2023இல் ஜனவரி 2ஆம் தேதி ஒன்று, டிசம்பர் 23ஆம் தேதி ஒன்று. 2025இலும் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு. சில வருஷம் தேர்வோடு வரும், சில வருஷம் பொங்கலோடு வரும். எப்போது வந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும்.

ஒரு வருஷம் 17 பேர். ஓசூர், கும்பகோணம், சென்னை என்று மூன்று திசையிலிருந்தும். கோவிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடை. நள்ளிரவிலேயே எல்லோரும் வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது நானும், முட்டி வலியால் எங்கும் நகர முடியாத என் மாமியாரும், தூங்குகிற நாலு குழந்தைகளும். திரும்பி வருகிறவர்களுக்கு டிகாக்ஷன் இறக்க வேண்டும், வெந்நீர் போட வேண்டும், விரதக்காரர்களுக்கு ரவை உப்புமா கிண்ட வேண்டும். டிவியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று "ரங்கா! ரங்கா!" என்று சத்தம் கிளம்பியது. டிவியில் ஒரு தடவை, ஜன்னல் வழியாக ஒரு தடவை. நான் கையில் கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தேன். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சொர்க்கவாசல் திறந்தாச்சு. நீ போய் அந்த உப்புமாச் சட்டியத் திறந்து பாரு, அடிப்புடிக்குது."

உப்புமா அடிப்பிடித்துத்தான் போயிருந்தது. அந்த மார்கழி முழுக்க நான் ஒரு நாள்கூடக் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. திருத்திய தாள்களில் ஒரு பெண்ணுக்கு 76ஐ 67 என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டு, ஜனவரியில் அவள் அப்பா வந்து கேட்டபோது தலை குனிந்து நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமியாரிடம் புலம்பினேன். அவர் கேட்டார்: "மார்கழியில ஏன் கல்யாணம் வைக்கிறதில்ல?" பீடை மாதம் என்பார்கள், இல்லை பீடுடைய மாதம்தான் அப்படித் திரிந்தது என்பார்கள், நான் ஏதோ சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. ஒரு மாசம் யார் வீட்டுக்கும் மொய் எழுத ஓட வேண்டாம். அப்படிச் சும்மா விட்டுவச்ச மாசத்தப் புடிச்சு இத்தன வேலைய அடைச்சது யாரு?"

அவர் சொன்ன காரணம் சாஸ்திரப்படி சரியா என்று எனக்குக் கவலையில்லை. நாள்காட்டியைப் பாருங்கள், விளங்கும். ஐப்பசி தீபாவளி முடிந்து, கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து, தை பிறந்து மறுபடி பத்திரிகைகள் குவியும்வரை நடுவில் ஒரு மாதம் முகூர்த்தமே கிடையாது. அந்த இடைவெளியில்தான் நாம் எல்லாவற்றையும் கொண்டுபோய்த் திணிக்கிறோம்.

நீங்கள் திருப்பாவை சொல்கிறவர் என்பதால் இதைச் சொல்கிறேன். முதல் பாட்டில் எல்லோரையும் நீராடக் கூப்பிட்ட ஆண்டாள் இரண்டாம் பாட்டில் என்ன செய்கிறாள்? பட்டியல் போடுகிறாள். நெய் உண்ணோம், பால் உண்ணோம், கண்ணுக்கு மை இடோம், தலைக்குப் பூ முடியோம், செய்யக்கூடாததைச் செய்யோம், கோள் சொல்லோம். செய்யப்போகிறவை இரண்டு மூன்று, செய்யாமல் விடப்போகிறவைதான் வரிசையாக வருகின்றன. 26 வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவள் என்பதால் எனக்கு அந்த வினைமுற்றுகள்தான் முதலில் கண்ணில் படும். உண்ணோம், முடியோம், செய்யோம். எல்லாமே தன்மைப் பன்மை. "நான் உண்ணேன்" என்று ஒருத்தி தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில்லை. ஊர்ப் பெண்கள் சேர்ந்து, முன்கூட்டியே, வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நீங்கள் எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று நான் நினைப்பது இதைத்தான். செய்ய வேண்டியவற்றை மனசுக்குள் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், அதுவும் நீங்கள் மட்டும். செய்யாதவற்றுக்குப் பட்டியலே இல்லை. அதனால் எது வந்தாலும் உள்ளே வந்துவிடுகிறது. வந்த எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துச் செய்தால் எளிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்துக் காரியத்தைப் பாதி பாதியாகச் செய்தால் அலைச்சல் அப்படியேதான் இருக்கும், திருப்திதான் பாதியாகும். மூன்றை முழுசாகச் செய்துவிட்டு ஏழை அடியோடு விடுவதுதான் எனக்குப் பலித்தது.

உப்புமா தீய்ந்ததற்கு அடுத்த வருஷம், கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். என் பெண்தான் எழுதினாள், ஆண்டாள் பாணியிலேயே எழுதுவேன் என்று அடம்பிடித்து:

"துணிக்கடைக்குப் போகோம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் டிவி பாரோம். ஏகாதசியன்று அடுப்பு மூட்டோம். யாரையும் பார்க்க வெளியூர் செல்லோம். அடுத்த வீட்டுக் கோலத்தைப் பற்றிப் பேசோம்."

கடைசி வரி எனக்காக எழுதப்பட்டது. பரவாயில்லை, ஒத்துக்கொண்டேன். அந்தத் தாள் ஃபிரிட்ஜ் மேல் முப்பது நாள் ஒட்டியிருந்தது. அதன் பலன் எனக்கே ஆச்சரியம். யாராவது கூப்பிட்டால் "முடியலைங்க" என்று காரணம் தேடித் தடுமாற வேண்டியதில்லை. "இந்த மாசம் நாங்க வெளியூர் போறதில்லைன்னு வச்சிருக்கோம்" என்றால் விரதம் போலக் காதில் விழுகிறது. நம் ஊரில் "நேரமில்லை" என்றால் கோபித்துக்கொள்வார்கள், விரதம் என்றால் மறுபேச்சு கிடையாது.

உங்கள் வீட்டுப் பட்டியலை நான் எழுத முடியாது. ஆனால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட உட்கார வையுங்கள். எட்டாவது படிக்கிற பையன் தன் பங்குக்கு ஒன்றை விடுவதாகச் சொன்னால், அது எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாலைந்துக்கு மேல் போகவேண்டாம்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

விடியற்காலை. இங்கேதான் முதல் பத்து நாளில் எல்லோரும் கவிழ்கிறோம். நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கிறோம். ஐந்தாம் நாள் தலைவலி, எட்டாம் நாள் பிள்ளைகள்மேல் எரிந்து விழுதல், பத்தாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தல். டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் ஆறரை வாக்கில்தான் எட்டிப்பார்க்கிறது. ஐந்தேகாலுக்கு எழுந்தாலும் இருட்டுதான், பனிதான், கோவில் ஒலிபெருக்கியும் இருக்கிறது. நாலு மணி யாரும் உங்களுக்கு விதித்ததல்ல. ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுவது முப்பது நாளும் தாங்கும். பாட்டும் தினம் ஒன்றுதான். எட்டு அடி. நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிஷம். முப்பதையும் தினமும் சொல்கிறவர்கள் சொல்லட்டும், அவர்களுக்கு வணக்கம். வேலைக்குப் போகிற வீட்டில் அன்றன்றைய பாட்டை நாலு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டுக் காபி குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோலம். நான் போடுவது ஐந்து புள்ளி, ஐந்து வரிசை, நேர்ப்புள்ளி. முப்பது நாளும் அதே அளவுதான், வளைவு மட்டும் மாறும். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முன்பு நானும் தெருவை அடைத்து 21 புள்ளி வைத்து, கலர்ப்பொடி தூவி, சுற்றிக் காவி அடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள்தான். ஏழு மணிக்குப் பால் வண்டி அதன்மேல் ஏறிப் போகும்போது வயிறு எரியும். இப்போது எந்த வண்டி ஏறினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கல்மாவை விட்டு அரிசி மாவுக்கு மாறியதில் இன்னொரு சௌகரியம்: எறும்பு வருகிறதா என்று பார்க்கவே நாலு நிமிஷம் திண்ணையில் உட்காருவேன். சில நாள் அந்த நாலு நிமிஷம்தான் எனக்கு மார்கழி. அபார்ட்மெண்டில் கதவுக்கு முன்னால் இரண்டடிதான் கிடைக்கும். அது குறை இல்லை, வரம். போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து கோலம் பெரிதாகிக்கொண்டே போகும், என் கண்ணால் பார்த்தது. ஸ்டிக்கர் கோலம் பற்றிக் கேட்காதீர்கள், வாயைத் திறந்தால் சண்டை வரும்.

சொந்தக்காரர்கள். இதில்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. பட்டியல் எழுதிய அந்த வருஷம் மார்கழி பிறக்கும் முன்பே எல்லோருக்கும் நானே போன் செய்தேன். "தாராளமா வாங்க. படுக்கப் பாய் இருக்கு, குளிக்க வெந்நீர் இருக்கு. ஏகாதசியன்னைக்கு மட்டும் எங்க வீட்ல அடுப்பு எரியாது. பாலும் பழமும் இருக்கும். டிபன் வேணும்னா தெருமுனையில கடை இருக்கு." வெந்நீர் கெய்சரில், பால் முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்தது. சொன்னதும் ஒரு நிமிஷம் அமைதி. என் பெரிய நாத்தனார், "ஓ, அப்படியா" என்றார். அந்த "ஓ"வின் நீளத்தை இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருஷம் அவர் வரவில்லை. மூன்றாம் வருஷம் வந்தார், ஒரு தார் பூவன் பழத்தோடு. எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்துதான் கோவிலுக்குப் போனோம்.

ஏகாதசிச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசியை விடுவது உபவாசம் என்று ஆரம்பித்தது. இப்போது பல வீடுகளில் அரிசி தவிர மற்ற எல்லாம் என்றாகிவிட்டது: ரவை உப்புமா, சேமியா, கோதுமை அடை, ஜவ்வரிசி, மேலே ஒரு கேசரி. சாதாரண நாளில் இரண்டு வேளை சமைக்கிறவள் விரத நாளில் நாலு வேளை சமைக்கிறாள். அந்த ஒரு நாள் அடுப்படிக்கும் விரதம் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கும் பசிக்கும். அவர்களுக்குக் கடை டிபன் வாங்கிக் கொடுங்கள், பாவம் எதுவும் வராது.

மறுநாள் விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணையே எவ்வளவு அழகான எளிய சாப்பாடு! அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், புளி சேர்க்காத குழம்பு. வெறும் வயிற்றுக்கு இதமாக, காலையிலேயே முடிந்துவிடும். அகத்திக்கீரை ஆய்வது ஒன்றுதான் பெரிய வேலை. காம்பிலிருந்து குட்டிக் குட்டி இலையாக உருவ வேண்டும். முன்பெல்லாம் ஏகாதசி ராத்திரி பத்து மணிக்கு நான் ஒருத்தி உட்கார்ந்து நாலு கட்டு ஆய்வேன். இப்போது சாயங்காலம் கூடத்தில் பேப்பரை விரித்து நடுவில் கீரையைக் கொட்டிவிடுகிறேன். கதை பேசுகிறவர்கள் கை சும்மா இருக்காதல்லவா? ஓசூர்க் கொழுந்தனார் ஆய்ந்தால் பாதி காம்பும் சேர்ந்தே வரும். கொஞ்சம் நார் பல்லில் மாட்டும். மாட்டட்டும்.

கோவில். அம்பத்தூரிலிருந்து வைகுண்ட ஏகாதசி நள்ளிரவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திருவல்லிக்கேணி வரை போய் நிற்பதாக இருந்தால், தயவுசெய்து யோசியுங்கள். உற்சவம் என்பது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. எங்கள் ஊரில் ஏகாதசிக்கு முன்னால் பகல் பத்து, ஏகாதசியில் தொடங்கி இராப் பத்து. முந்தின நாள் பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருவார், ஏகாதசியன்று ரத்தினாங்கியில். சொர்க்கவாசல் என்கிற பரமபத வாசல் அந்த ஒரு விடியற்காலையோடு மூடிவிடுவதில்லை, இராப் பத்தின் பெரும்பாலான நாள்களிலும் குறிப்பிட்ட நேரம் திறப்பார்கள். நான் பல வருஷம் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோதான் போயிருக்கிறேன். அன்றைக்கு நின்று, நிமிர்ந்து பார்க்க முடிகிறது. முதல் நாள் கூட்டத்தில் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம். உங்கள் பக்கத்துப் பெருமாள் கோவிலில் எந்த நாள் திறப்பார்கள் என்று பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள். சிவன் கோவில் பக்கம் போகிறவர் என்றால் இதையே திருவாதிரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், ஒரு கோவில், களி ஒரு கிண்ணம்.

கச்சேரி பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, நான் அதற்கு வெளியூர்க்காரி. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாடு, அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி, பிறகு சபா சபாவாகப் பெருகி இன்றைக்கு ஒரே நாளில் எங்கே போவது என்று திண்டாடும் அளவுக்கு வந்திருக்கிறது. பல சபாக்களில் காலையும் மதியமும் இளம் பாடகர்கள் பாடும் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. மாதத்துக்கு ஒன்று என்று வைத்து, முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். கேன்டீனுக்காகப் போகிறவர்களும் உண்டு, அதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

அரையாண்டுத் தேர்வு பிள்ளைகளுடையது. உங்களுடையது இல்லை. இதை ஒரு டீச்சராகச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வீடு ஒழிப்பதைப் போகியன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ஒரு தட்டு, ஒரு டிராயர் என்று மார்கழி முழுக்கப் பிரித்துக்கொண்டால், போகியன்று எரிக்க எதுவும் மிஞ்சாது. பாயும் டயரும் எரித்து சென்னை விமானங்களையே தாமதப்படுத்தியிருக்கிறோம், போதும். (போகிக்குப் போகி எல்லோரும் போடும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" நன்னூல் சூத்திரம். சொற்கள் காலத்தோடு வழக்கொழிவதையும் புதிதாக வருவதையும் சொன்ன பவணந்தி முனிவர் கிழிந்த பாயை நினைத்திருக்கமாட்டார்.) வெல்லம், பருப்பு, ஏலக்காய் எல்லாம் டிசம்பரிலேயே வாங்கிவிடலாம். கரும்பும் மஞ்சள் கொத்தும் மட்டும் கடைசி நாள்.

இன்னொன்று உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் அதே இரண்டாம் பாட்டில் இருக்கிறது. விடுவதை மட்டும் சொல்லி ஆண்டாள் நிறுத்துவதில்லை. "ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி" என்று, கொடுக்க முடிந்த மட்டும் கொடுக்கவும் சொல்கிறாள். துணிக்கடைக்குப் போகாத அந்த முதல் வருஷம் மிச்சமான பணத்தில் மூன்று கம்பளி வாங்கினோம். எங்கள் தெருவைப் பெருக்க ஐந்து மணிக்கே பனியில் வருகிற தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேருக்கு இரண்டு, பக்கத்து ஏடிஎம் வாட்ச்மேனுக்கு ஒன்று. உங்கள் அபார்ட்மெண்டிலும் ராத்திரி வாட்ச்மேன் இருப்பார். பொங்கல் இனாம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், குளிர் இப்போதுதான்.

கடைசியாக, இருபத்தேழாம் நாள். எல்லாவற்றையும் விட்டவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் நாள். பாட்டிலேயே சூடகம், தோள்வளை, தோடு என்று நகைகளை வரிசையாக அணிகிறார்கள், புது ஆடை உடுத்துகிறார்கள், பால்சோறு மூட நெய் பெய்து முழங்கை வழிய உண்கிறார்கள், அதுவும் "கூடியிருந்து". விரதத்துக்கு முடிகிற தேதி இருப்பதால்தான் இருபத்தாறு நாள் பொறுக்க முடிகிறது. ஆகவே உங்கள் பட்டியலின் கீழேயும் ஜனவரி 11 வாக்கில் வரும் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதானால் அன்றைக்குக் கூப்பிடுங்கள். டிவியும் பார்க்கலாம், அடுத்த வீட்டுக் கோலத்தைப் பற்றியும் பேசலாம்.

சமையலும் ஒன்றே ஒன்று போதும்: அக்காரவடிசில். ஒரு டம்ளர் பச்சரிசியை லேசாக வறுத்து, ஏழெட்டு டம்ளர் பாலில் அடிகனமான உருளியில், சின்னத் தீயில் குழைய விடுங்கள். பால் சுண்டிச் சோறு மசிந்த பிறகுதான் இரண்டு டம்ளர் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டிச் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துவிடும். நெய் அரை டம்ளருக்குக் குறையாமல். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும், பக்கத்தை விட்டு நகரக்கூடாது. வருகிறவர்கள் ஆளுக்கொரு தூக்கு கொண்டுவரட்டும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.